கூந்தன்குளத்தில் முதல் கூடை மண்

திருநெல்வேலி மாவட்டத்துப் பறவைச் சரணாலயமான கூந்தன்குளத்துக்கு வருகிறவர்கள் மரத்தைப் பார்க்கிறார்கள், மரத்தின் மேலிருக்கும் நாரையைப் பார்க்கிறார்கள், படம் பிடிக்கிறார்கள், வண்டியைத் திருப்பிவிடுகிறார்கள். நின்றுகொண்டிருந்த கரையை யாரும் பார்ப்பதில்லை. இந்தக் குளம் இருக்கிற நாங்குநேரி வட்டாரம் மலைமறைவுப் பூமி. தென்மேற்குப் பருவத்தில் மேகம் மலையோடு நின்றுவிடும், இங்கே காற்று மட்டும் வரும். இப்படிப்பட்ட மண்ணில் சதுப்பு தானாக உண்டாவது அபூர்வம். பறவைகள் இன்று நம்பி வருகிற தண்ணீர், ஆள்கள் கூடை கூடையாக மண் சுமந்து கரை போட்டதால் நிற்கிற தண்ணீர். அந்தக் கரையைப் படிக்கத் தெரிந்தால், இந்தச் சீமையில் முதன்முதலாகக் குளம் வெட்டி உட்கார்ந்த குடி எப்படிப் பிழைத்திருக்கும் என்று ஓரளவு கணக்கே போட்டுவிடலாம். கற்பனைக்குக் கணக்கு துணைக்கு வந்தால் நல்லது. இல்லாவிட்டால் அது மன்னர் காலத்துப் பொற்காலக் கதையாகத்தான் போய் முடியும்.

முதலில் போகிற வழி. திருநெல்வேலியிலிருந்து ஏறத்தாழ 38 கிலோமீட்டர், மூலைக்கரைப்பட்டி வழியாக. கூந்தன்குளமும் பக்கத்துக் காடன்குளமும் சேர்ந்து 129 ஹெக்டேர் அளவில் 1994-ல் சரணாலயமாக அறிவிக்கப்பட்டன. உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களின் பட்டியலான ராம்சர் பட்டியலில் 2022 ஆகஸ்டில் வேடந்தாங்கல், வேம்பனூர் ஆகியவற்றோடு கூந்தன்குளமும் இடம்பெற்றது. வடகிழக்குப் பருவமழையோடு மணிமுத்தாறு அணையின் கால்வாய்த் தண்ணீரும் குளத்துக்கு வருகிறது. அணை 1958-ல் வந்தது. அதற்கு முன்னால் மழையும் மேலேயுள்ள குளங்கள் நிரம்பி மறுகால் வழியாக வழிகிற தண்ணீரும்தான் கதி.

மார்கழியில் பறவைகள் வந்து இறங்கத் தொடங்கும். தை முதல் பங்குனி, சித்திரை வரை கூடும் குஞ்சுமாக இருக்கும். ஆனி, ஆடியில் காலியாகிவிடும். மஞ்சள்மூக்கு நாரை, கூழைக்கடா, கரண்டிவாயன், வெள்ளை அரிவாள் மூக்கன், நீர்க்காகம் எல்லாம் குளத்துக்குள் நிற்கும் கருவேல மரங்களிலும் ஊருக்குள் வீட்டு மரங்களிலும் கூடு கட்டும். இமயமலையைத் தாண்டி வரும் வரித்தலை வாத்து திறந்த தண்ணீரில் கூட்டமாக மிதக்கும். அது இங்கே கூடு கட்டுவதில்லை, குளிர் முடிந்ததும் கிளம்பிவிடும். காலை ஆறு முதல் ஒன்பது வரை, மாலை நான்குக்கு மேல் போவது நல்லது. பைனாகுலர் 8x42 போதும். அதைவிடப் பெரிதாக வாங்கினால் கை நடுங்கிப் படம் ஆடும். கூட்டு மரத்துக்கு அடியில் போய் நிற்காதீர்கள். தாய்ப்பறவை எழுந்து பறந்தால் இரண்டு கெடுதல் உண்டு: காக்கை முட்டையைக் கொத்தும், வெயில் நேராகக் குஞ்சின் மேல் விழும். பங்குனி வெயிலில் பெரிய நாரை இறக்கையை விரித்து நிற்பது குஞ்சுக்கு நிழல் தருவதற்காக. இறகு முளைக்காத குஞ்சு அந்த நிழல் இல்லாமல் அதிக நேரம் தாங்காது. ட்ரோன் விடுகிறவர்களுக்கு இதைச் சொல்லிப் புரியவைப்பது கஷ்டம்.

ஊர்க்காரர்கள் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை என்பது எல்லாருக்கும் தெரிந்த செய்தி. அதைப் புண்ணியக் கணக்கில் மட்டும் எழுதிவைப்பது ஊர்க்காரர்களின் மூளையைக் குறைத்து மதிப்பிடுவதாகும். எச்சம் விழுந்த குளத்துத் தண்ணீர் வயலுக்குப் போகிறது. கோடையில் குளத்தடி வண்டலை அள்ளி வயலுக்கு அடிக்கிறார்கள். பறவை உரம் கொடுக்கிறது, ஊர் காவல் கொடுக்கிறது.

சரி, கரைக்கு வருவோம்.

கரையின் மேல் ஏறி ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை நடந்து பாருங்கள். நம் பக்கத்துக் குளக்கரை பெரும்பாலும் வளைந்து பிறை வடிவில்தான் இருக்கும். நிலத்தின் சம உயரக் கோட்டை ஒட்டிப் போட்டால் மண் வேலை குறையும் என்பது ஒரு காரணம். பள்ளத்தின் இரண்டு பக்கத்து மேட்டிலும் கரையின் நுனியைப் பதித்துவிட்டால் தண்ணீர் சுற்றிக்கொண்டு போக முடியாது என்பது இன்னொன்று. கரைக்கு மேற்பக்கம் தண்ணீர் நிற்கிற உள்வாய், கீழ்ப்பக்கம் வயக்காடு. கரையில் ஓரிடத்தில் வயலுக்குத் தண்ணீர் திறக்கும் மடை இருக்கும். ஒரு கோடியில், பெரும்பாலும் கெட்டித் தரையோ பாறையோ உள்ள இடத்தில், மறுகால் இருக்கும். மறுகாலின் உயரத்துக்கும் கரையின் உச்சிக்கும் உள்ள இடைவெளியைக் கண்ணால் அளந்துகொள்ளுங்கள். சிறு குளத்துக்கு அரை மீட்டர், பெரிய குளத்துக்கு ஒரு மீட்டருக்குக் குறையாமல் இருக்க வேண்டும். பெருவெள்ளத்தில் மறுகாலுக்கு மேல் தண்ணீர் ஏறும். அதற்கும் மேலே காற்று அலையைக் கொண்டுவந்து மோதும். இந்த இடைவெளி குறைந்த கரை உடையத் தயாராக நிற்கிற கரை.

இப்போது முதல் குடியை நினைத்துக்கொள்ளுங்கள். இருபது ஆள் வேலைக்கு இறங்கக்கூடிய கூட்டம், பெண்டு பிள்ளைகள், கிழடு கட்டையோடு அறுபது பேர் என்று வைப்போம். இரும்பு கையில் உண்டு. தாமிரபரணிக் கரையில் ஆதிச்சநல்லூர்ப் பழைய இடுகாட்டுத் தாழிகளோடு வாள், வேல், கோடரி என்று இரும்புச் சாமான் ஏராளமாகக் கிடைத்திருப்பதால் இதைத் தயங்காமல் சேர்க்கலாம். இரும்பு இல்லாவிட்டால் இந்தப் பக்கத்துச் சுக்கான் பாறையில் ஒரு முழம்கூட இறங்க முடியாது.

அவர்கள் பெரிய குளம் வெட்டியிருக்க மாட்டார்கள், வெட்டியிருக்கவும் முடியாது. 200 மீட்டர் நீளம், ஒன்றரை மீட்டர் உயரம், உச்சியில் ஒரு மீட்டர் அகலம், இரண்டு பக்கமும் ஒரு மீட்டர் உயரத்துக்கு இரண்டு மீட்டர் அகலம் பிடிக்கிற சாய்வு என்று ஒரு கரை. அடி அகலம் ஏழு மீட்டர் வரும். குறுக்குவெட்டு ஆறு சதுர மீட்டர். மொத்த மண் 1,200 கன மீட்டர். வெட்டி, சுமந்து, கொட்டி, மிதிப்பதையும் சேர்த்து ஓர் ஆள் நாளொன்றுக்கு ஒரு கன மீட்டர் முடிப்பதே பெரிது. ஆக இருபது ஆளுக்கு அறுபது நாள். ஒரு கூடைக்கு 20 கிலோ மண் என்றால் கன மீட்டருக்கு 75 கூடை. முழுக் கரைக்கும் தொண்ணூறாயிரம் கூடை. மாசிக் கடைசியில் தொடங்கினால் வைகாசிக்குள் முடிக்கலாம், இடையில் ஒரு சாவு, ஒரு காய்ச்சல், இரண்டு கோடைமழை வராமல் இருந்தால். கொட்டிய மண் பத்தில் ஒரு பங்காவது அமுங்கும் என்பதால் அதையும் சேர்த்தே கொட்ட வேண்டும். ஐப்பசி வருவதற்குள் அமுங்காத கரை ஐப்பசியில் அமுங்கும், தண்ணீரோடு.

கரை போடுவதிலும் ஒழுங்கு உண்டு. புல்லையும் வேரையும் அடியோடு செதுக்கி எடுத்துவிட வேண்டும். மண்ணுக்கடியில் அழுகும் வேர் தண்ணீருக்கு வழியாகிவிடும். பிறகு கரையின் நடுக்கோட்டில் வானம், அதாவது அடித்தளப் பள்ளம், தோண்டி, மேல் மணலைத் தாண்டிக் களி தட்டுப்படும் வரை இறங்க வேண்டும். அந்தப் பள்ளத்தை நல்ல களிமண்ணால் நிரப்பி மிதிக்க வேண்டும். களியா என்று பார்க்க மண்ணை நனைத்து உள்ளங்கையில் விரல் தடிமனுக்குத் திரித்து மெல்ல வளைத்தால் போதும். வெடிக்காமல் வளைந்தால் உதவும். பொலபொலவென்று உதிர்ந்தால் அதை வெளிப்பக்கச் சரிவுக்கு ஒதுக்கலாம். வெறும் கரிசலை மட்டும் வைத்துக் கரை போடுவதும் தவறு. நனைந்தால் வீங்கும், கோடையில் கை நுழையும் அளவுக்கு வெடிக்கும். முதல் மழைத் தண்ணீர் அந்த வெடிப்பில் இறங்கினால் வேலை முடிந்தது. களியோடு சரளையும் செம்மண்ணும் கலந்த மண்தான் கரைக்கு ஏற்றது. ஒரு சாண் கனத்துக்கு மேல் ஒரே தடவையில் கொட்டாமல், தண்ணீர் தெளித்து, மாட்டையும் ஆட்டையும் விட்டு மிதிக்க வைத்து, அடுத்த அடுக்கு. ஆட்டுக்குளம்பு சின்னதானாலும் ஆழமாகப் பதியும். மண்ணை நன்றாக இறுக்கும்.

தண்ணீரை வெளியே எடுக்கும் வழிதான் முதல் குடிக்குத் தலைவலியாக இருந்திருக்கும். கல்தச்சன் இல்லாத ஊரில் கைக்கு எட்டுவது பனை. முற்றிய பனந்தடியை இரண்டாகப் பிளந்து, உள்ளே இருக்கும் சோற்றைக் குடைந்தெடுத்தால் தண்ணீர் போக நல்ல தூம்பு, அதாவது குழாய், கிடைக்கும். அதைக் கரைக்கு அடியில் பதித்து, உட்பக்க வாயைக் களியும் வைக்கோலும் வைத்து அடைத்துவிடலாம். எப்போதும் ஈரத்தில் இருக்கிற பனை நெடுங்காலம் உழைக்கும். நனைவதும் காய்வதுமாக மாறி மாறி வந்தால் சில வருஷத்தில் நைந்துவிடும். நைந்த தூம்பைவிட மோசமானது தூம்பின் வெளிப்பக்கத்தை ஒட்டிக் கசிகிற தண்ணீர். மரமும் மண்ணும் சேரும் இடம் எப்போதும் பலவீனம்; அங்கே களியைத் திணித்து இடித்திருக்காவிட்டால் முதல் வருஷமே அரித்துவிடும்.

இந்தச் சிக்கலுக்குப் பாண்டிய நாட்டுக் கல்வேலைக்காரர்கள் பின்னால் கண்ட வழி குமிழித் தூம்பு. உள்வாயில், கரையிலிருந்து சற்றுத் தள்ளி, இரண்டு உயரமான கல் தூண்கள். இடையில் பலகைக்கல். அதற்குக் கீழே ஒரு கல் தொட்டி, தொட்டியிலிருந்து கரைக்கு அடியில் போகும் மூடிய வாய்க்காலான சுருங்கை. தொட்டியின் மேல் துளையைக் கல் குழவியால் அடைத்திருப்பார்கள். குழவியைத் தூக்கினால் தண்ணீர் இறங்கும். அடியில் தனியாகச் சேறோடித் துளைகள் இருக்கும். ஓட்டத்தின் இழுப்பில் சேறும் கொஞ்சம் வெளியேறும். இன்றும் பல குளங்களில் அந்த இரட்டைத் தூண்கள் நிற்கின்றன. ஷட்டர் வைத்த சிமெண்ட் மடை வந்த பிறகு அவற்றை மாடு கட்டும் கல் என்று நினைப்பவர்களும் உண்டு. கோடையில் தண்ணீர் வற்றியிருக்கும்போது போனால் தூணின் பக்கவாட்டில் எழுத்து வெட்டியிருக்கிறதா என்று பாருங்கள். கரி தேய்ப்பது, மாவு பூசுவது, சாக்பீஸ் போடுவது எதுவும் வேண்டாம். காலை பத்து மணிக்கு முன் சாய்ந்து விழும் வெயிலில் எழுத்து தானாகவே தெரியும்.

மடையைக் குளத்தின் ஆக ஆழமான இடத்தில் வைப்பதில்லை. சற்று மேலே வைப்பார்கள். வயலுக்குப் பாய்ச்சி முடித்த பிறகும் ஒரு பகுதித் தண்ணீர் அடியில் தங்கும். மாட்டுக்கு அது குடிநீர், மீனுக்கு அது உயிர். இன்றைக்குப் பறவைச் சரணாலயம் நடப்பதே அந்த அடித்தண்ணீரால்தான். பங்குனியில் தண்ணீர் சுருங்கச் சுருங்க மீன் நெருங்கிச் சேரும். முழங்கால் ஆழத்தில் வாயைத் திறந்து நடந்தபடியே மீன் பிடிக்கிற மஞ்சள்மூக்கு நாரைக்கு அதுதான் தோதான நேரம். குஞ்சு ஓயாமல் தீனி கேட்கும் நாளும் அதே நாளாக அமைகிறது. தண்ணீர் ஒரு மாதம் முன்னதாக வற்றினால் குஞ்சுகள் கூட்டிலேயே பட்டினி கிடக்கும். மாறாக, மாசியில் கால்வாயில் தாராளமாகத் தண்ணீர் விட்டு ஆழத்தைக் கூட்டினாலும் மீன் சிதறிவிடும். பறவைக்குத் தண்ணீர் எவ்வளவு இருக்கிறது என்பதைப் போலவே அது எந்த வேகத்தில் குறைகிறது என்பதும் முக்கியம்.

இனி சாப்பாட்டுக் கணக்கு. நான் சொன்ன அந்த முதல் கரையில் அரை மீட்டரை அலைக்கு விட்டால் ஒரு மீட்டர் ஆழத்துக்குத் தண்ணீர் நிற்கும். நிலம் 300 மீட்டருக்கு ஒரு மீட்டர் உயர்கிறது என்றால் தண்ணீர் பின்னால் 300 மீட்டர் பரவும். மேற்பட்டுப் போனால் 30,000 கன மீட்டர். நம் பக்கத்து வெயிலும் காற்றும் நாளொன்றுக்கு ஐந்து மில்லிமீட்டர் குடிக்கும். நூறு நாளில் அரை மீட்டர். அந்தக் குளத்தின் சராசரி ஆழமே அரை மீட்டர்தான்! மழைக்காலத்தில் இரண்டு தடவை நிரம்பி, ஒவ்வொரு தடவையும் பாதி வயலுக்குப் போய்ச் சேர்ந்தது என்று வைத்தால், வயலில் நேரே விழும் மழையையும் சேர்த்து, இரண்டரை முதல் மூன்று ஹெக்டேர் நெல்லுக்குப் பாயும். உரம் இல்லாத அந்தக் காலத்து விளைச்சலில் மூன்று, மூன்றரை டன் நெல். விதைக்கு எடுத்து வைத்து, குத்தினால் இரண்டு டன் அரிசி சொச்சம். ஒரு வருஷத்துக்குப் பன்னிரண்டு, பதினான்கு பேருக்குக் காணும். அறுபது பேர் கூட்டத்துக்கு அது கால் வயிறு.

ஆக அவர்கள் நெல்லை நம்பி வந்திருக்க முடியாது. புன்செயில் கம்பு, சோளம், தினை, வரகு, பயறு போட்டிருக்க வேண்டும். ஆதிச்சநல்லூரில் 1899 தொடங்கி அகழ்ந்த தொல்லியலாளர் அலெக்சாண்டர் ரீ தாழிகளுக்குள் இருந்த பானைகளில் நெல் உமியோடு சிறுதானிய உமியும் கண்டார். தூத்துக்குடி மாவட்டத்துச் சிவகளையில் தாழிக்குள் கிடைத்த நெல்லின் காலம் கி.மு. 1155 என்று கரிமப் பகுப்பாய்வில் தெரிந்து, 2021-ல் அறிவிக்கப்பட்டது. தாழிக்குள் நெல் போட்டார்கள் என்றால் நெல் கிடைத்தது என்று அர்த்தம். அன்றாடம் மூன்று வேளையும் சோறு தின்றார்கள் என்று அர்த்தமாகிவிடாது. செத்தவருக்கு நல்லதை வைப்பது எந்தக் காலத்திலும் உள்ள பழக்கம்.

மீதி வயிற்றைக் குளம் நிரப்பியிருக்கும். அல்லிக் கிழங்கு, தாமரைக் கிழங்கு, கொட்டிக் கிழங்கு மூன்றும் தண்ணீர் வற்றும் மாசி, பங்குனியில் சேற்றைக் கிளறினால் கிடைக்கும். கொட்டிக் கிழங்கு சின்னதுதான், ஆனாலும் அவித்தால் நல்ல மாவு. விரால், கெளுத்தி, கெண்டை, அயிரை, நத்தை, வயல் நண்டு. முழங்கால் தண்ணீரில் மூங்கில் சிம்பால் பின்னிய ஊத்தாவைக் கவிழ்த்து, மேல் வாயில் கைவிட்டு மீனைத் துழாவி எடுக்கிற முறைக்கு வலையும் வேண்டாம், படகும் வேண்டாம். விரால் வற்றும் குளத்தில் சேற்றுக்குள் ஈரம் இருக்கும் வரை தாக்குப்பிடிக்கும், காற்றைச் சுவாசிக்கும் என்பதால் கடைசியாக அகப்படுவதும் அதுதான். உப்புக்குக் கடல் தூரமில்லை. கருவாடு போட்டால் ஆடி வரைக்கும் தள்ளலாம். பனை இன்னொரு பாதிப் பசியைத் தீர்த்தது: பங்குனி முதல் ஆடி வரை பதநீர், வைகாசியில் நுங்கு, ஆவணியில் பழம், தைக்குக் கிழங்கு. நெல் இல்லாத மாதங்களில்தான் பனை கொடுக்கிறது என்பதைக் கவனியுங்கள். செம்மணல் தேரிக் காட்டுக்காரர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை.

வீடு குளத்துக்கு அருகில், ஆனால் அதைவிட மேட்டில். குளத்து வண்டலான கரம்பை மண்ணும் வைக்கோலும் குழைத்த சுவர், பனையோலைக் கூரை. கோரை பாய்க்கு. இன்றும் பத்தமடையில் தாமிரபரணிக் கரைக் கோரையைப் பச்சையாக அறுத்து, பிளந்து, காயவைத்து, ஓடும் தண்ணீரில் நாள்கணக்கில் ஊறப்போட்டு, மறுபடி காயவைத்துத்தான் நெய்கிறார்கள். ஊறப்போடுவதை அவசரப்படுத்தினால் பாய் மடிக்கும்போது ஒடியும். முதல் குடியின் பாய் அவ்வளவு நுட்பமாக இருந்திருக்காது, ஆனால் ஈரத்தரைக்கும் உடம்புக்கும் நடுவே ஒன்று வேண்டியிருந்தது. இடுகாட்டை விளையாத சரளைப் பரம்பில் ஒதுக்கியிருந்தார்கள். ஆதிச்சநல்லூரே அப்படிப்பட்ட மேடுதான், அங்கே பாறையைக் குடைந்தும் தாழியை இறக்கியிருக்கிறார்கள். களி நிலத்தில் ஒரு சாண்கூடச் செத்தவருக்கு விடவில்லை.

சதுப்போரத்து வாழ்க்கையை அழகாக எழுதுகிறவர்கள் நோயை விட்டுவிடுகிறார்கள். குளிர்காய்ச்சல் கார்த்திகையிலிருந்து தை வரை. இதைவிடக் கொடியது நரம்புச் சிலந்தி என்கிற புழு நோய். குளத்துத் தண்ணீரில் இருக்கும் கண்ணுக்குத் தெரியாத அளவு சின்னப் பூச்சிக்குள் அதன் குஞ்சு இருக்கும். தண்ணீரைக் குடித்தவர் உடம்பில் ஏறத்தாழ ஒரு வருஷம் வளர்ந்து, முழங்காலுக்குக் கீழே கொப்பளமாக எழுந்து, நூல் நூலாக வெளியே வரும். எரிச்சல் தாங்காமல் ஆள் குளத்தில் காலை வைப்பார், புழு அங்கேயே குஞ்சுகளை விடும். சுற்று முடிந்தது. தமிழ்நாட்டிலும் இருந்த இந்த நோய் ஒழிந்துவிட்டதாக 2000-ல்தான் இந்தியாவுக்குச் சான்று கிடைத்தது. துணியில் வடிகட்டினால் போதும், தடுத்துவிடலாம். குளத்தில் நேரே முகக்காமல் கரைக்குக் கீழே மணலில் ஊற்றுத் தோண்டி எடுத்தாலும் அந்தப் பூச்சி வராது. ஊற்றுத் தண்ணீர் ருசி என்று பழகிய குடும்பம் அறியாமலே பிழைத்திருக்கும்.

முதல் கரை போதாது என்று தெரிய இரண்டு வருஷம் ஆகியிருக்காது. உயர்த்தினார்கள். இங்கே ஒரு கணக்கு அவர்களுக்குச் சாதகமாக நின்றது. சாய்ந்த நிலத்தில் ஆழத்தை ஒரு மீட்டரிலிருந்து இரண்டாக்கினால் தண்ணீர் நான்கு மடங்காகும், வெயிலுக்குக் காட்டும் பரப்பு இரண்டு மடங்குதான். மண்ணோ மூன்று மடங்குக்குள் அடங்கிவிடும். ஆகவே ஒவ்வொரு கோடையிலும் ஒரு முழம் ஏற்றுவது லாபம். ஆனால் இன்று நாம் காணும் அளவுக்கு, நான்கு மீட்டர் உயரத்தில் ஒரு கிலோமீட்டர் நீளக் கரை என்றால் 40,000 கன மீட்டர், முப்பது லட்சம் கூடை. இருபது ஆள் மட்டும் கோடைக்கு அறுபது நாள் சுமந்தால் முப்பது வருஷத்துக்கு மேல். பாட்டன் தொடங்கிப் பேரன் முடிக்கிற வேலை. அல்லது பத்து ஊர் சேர வேண்டும். அல்லது அரசன் வர வேண்டும். மூன்றும் நடந்திருக்கின்றன. ஊர் சேர்ந்தால் கூட்டம், கூட்டம் என்றால் தகராறு. குளத்துக்குப் பேர்போன மானூரில் ஏறத்தாழ 1,200 ஆண்டுக்கு முந்தைய பாண்டியர் கல்வெட்டு ஊர்ச்சபை நடத்த விதி சொல்கிறது: எதற்கெடுத்தாலும் மறுத்துப் பேசிக் காரியத்தைக் கெடுப்பவருக்கும் அவருக்கு ஒத்து ஊதுபவருக்கும் ஐந்து காசு அபராதம். தண்ணீரைப் பற்றிய விதி இல்லை அது, ஆனால் குளத்துப் பாசனக் கூட்டத்துக்குப் போய்ப் பழகியவர்களுக்கு அந்தக் காசின் அருமை தெரியும்.

கரை எப்படி உடைகிறது என்பதை அறியாமல் அவர்கள் பயத்தை அறிய முடியாது. மேலே வழிந்து உடைவது ஒன்று. அடியில் அரித்து உடைவது இன்னொன்று, அதுதான் அதிகம். எலி வளை, நண்டு வளை, கறையான் புற்று, கரையில் வளரவிட்டுப் பின்பு வெட்டிய வேம்பு, அரசின் செத்த வேர். கரையின் வெளி அடியில் கசிவு கண்டால் கையில் பிடித்துப் பாருங்கள். தெளிவாக வந்தால் பயமில்லை. கலங்கி வந்தால் உள்ளே மண் போகிறது; அன்று ராத்திரி தூங்கக்கூடாது. கலங்கல் வரும் வாயில் களியை வைத்து அடைக்க எல்லாருக்கும் கை போகும். அது தப்பு. தண்ணீர் வேறு பக்கம் பிய்த்துக்கொண்டு கிளம்பும். வாயின் மேல் முதலில் ஆற்றுமணல், அதன் மேல் சரளை, அதன் மேல் கல் என்று போட வேண்டும். தண்ணீர் வெளியேறட்டும், மண் நிற்க வேண்டும். சுற்றிலும் மூட்டை அடுக்கி வட்டம் கட்டித் தண்ணீரை அங்கேயே தேக்கினால் எதிரழுத்தம் கிடைக்கும். உட்பக்கம் அலை அரித்த இடத்துக்கு முள்ளும் வைக்கோல் பிரியும். மழை ராத்திரியில் பந்தத்தோடு கரை நடப்பது மடையையும் கரையையும் காக்கும் மடைக்குடும்பனாரின் வேலை. அதற்குத்தான் அவருக்கு ஊர் தானியம் அளந்தது. குளத்தை ஊரே கூடிப் பராமரிக்கிற குடிமராமத்தை 1858-ல் வெள்ளைக்கார அரசு சட்டமாகவே எழுதி, வராதவருக்குத் தண்டம் போட வழி செய்தது. சட்டம் வந்தது, பழக்கம் தேய்ந்தது.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் மட்டும் 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர் கொட்டியது. திருநெல்வேலி, தூத்துக்குடி மாவட்டங்களில் குளங்கள் வரிசையாக உடைந்தன. நம் குளங்கள் சங்கிலி. ஒன்றின் மறுகால் அடுத்ததன் வரத்துக்கால். மேல்குளம் உடைந்தால் ஒரு வருஷத் தண்ணீர் ஒரே மணியில் கீழ்க்குளத்துக்கு வரும். அதன் மறுகால் அந்த அளவுக்குக் கட்டியதில்லை. அந்த மழைக்கு எந்தக் கரையும் தாங்கியிருக்காது என்பது பாதி உண்மை. மறுகால் ஓடையை வீடும் ரோடும் அடைத்த இடங்களில் அதில் பாதி மழைக்கே உடைந்திருக்கும்.

குளத்துக்குள் இன்று இரண்டு எதிரிகள். ஒன்று வண்டல். மாட்டு வண்டி ஒழிந்து ரசாயன உரம் வந்தபின் கரம்பை அள்ளுவது குறைந்தது, ஆழம் குறைந்தது, அடித்தண்ணீர் குறைந்தது. இன்னொன்று சீமைக்கருவேல். பழைய நாட்டுக் கருவேல் தண்ணீருக்குள் மாதக்கணக்கில் நின்றாலும் பிழைக்கும், கிளை விரிந்து கூட்டைத் தாங்கும். சீமைக்கருவேலின் கிளை அடர்ந்து முள்ளாக மூடும், பெரிய நாரை இறங்க எளிதில் இடம் தராது. உள்வாய் முழுக்கப் படர்ந்து வண்டலையும் பிடித்து வைக்கும். அகற்ற வேண்டியதுதான். ஆனால் பொக்லைனை விட்டு இரண்டையும் சேர்த்துப் பிடுங்குவது கூடாது. கூடு இல்லாத ஆடி, ஆவணியில், நாட்டுக் கருவேலுக்குச் சுண்ணாம்புக் குறி போட்டுவிட்டு, சீமையை மட்டும் தூரோடு எடுக்க வேண்டும். தூர் விட்டால் தழைத்துவிடும். ஆழப்படுத்துவதும் குளம் முழுவதையும் தட்டையாகத் தோண்டுவதாக இருக்கக்கூடாது. ஓரம் சரிவாக இருந்தால்தான் கொக்குக்கும் நாரைக்கும் நிற்க ஆழமில்லாத தண்ணீர் கிடைக்கும்.

பங்குனி உத்திரத்துக்குச் சாஸ்தா கோவிலுக்கு வெளியூரிலிருந்து வருகிறவர்கள் அதே பயணத்தில் குளம் பார்க்கலாம். நம் பக்கத்துச் சாஸ்தா கோவில்களில் பல குளக்கரையிலும் ஓடைக்கரையிலும்தான் இருக்கின்றன. அந்த நாளில் மழைக்காலத்து நெல்லான பிசான அறுவடை முடிந்திருக்கும், தண்ணீர் இறங்கி மடையும் பழைய தூண்களும் வெளியே தெரியும், கூட்டில் குஞ்சு இருக்கும். கரை, மடை, பறவை மூன்றையும் ஒரே நாளில் பார்க்க வருஷத்தில் அதைவிட நல்ல நாள் இல்லை. மழை பொய்த்த வருஷமென்றால் கூந்தன்குளத்துக்கு வந்து ஏமாறாமல் திருப்புடைமருதூருக்குப் போங்கள். தாமிரபரணியோடு கடனாநதி சேரும் இடம். ஆற்றோரத்து மருத மரங்களிலும் இலுப்பையிலும் பறவைகள் கூடு கட்டும். 2005-ல் வெறும் 2.84 ஹெக்டேரைப் பறவைகள் காப்பகமாக அறிவித்தார்கள். திருநெல்வேலி டவுனை விட்டுப் போக நேரமில்லாதவர்களுக்கு நயினார்குளம் இருக்கிறது. சாதாரண நாளில் எந்தக் குளத்தில் என்ன நிற்கிறது என்று கணக்கு வேண்டுமானால், மணிமுத்தாற்றில் இருக்கும் அகத்தியமலை மக்கள்சார் இயற்கைவள காப்பு மையம் 2011 முதல் தாமிரபரணிப் பாசனக் குளங்களில் நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு நடத்துகிறது. ஜனவரியில், பொங்கலை ஒட்டி நடக்கும்; பறவை தெரியாதவர்களும் குறிப்பெழுதச் சேரலாம். சேருகிறவர்கள் பறவைத்தாளின் ஓரத்தில் மறுகால் அடைபட்டிருக்கிறதா, கரையில் கசிவு உண்டா என்பதையும் இரண்டு வரி எழுதிக் குளத்துப் பாசனச் சங்கத்தாரிடம் கொடுத்துவிட்டு வாருங்கள்.